பெட் ஷாப்பில் நாய்க்குட்டி விற்கக் கூடாதா? அமெரிக்க நகரங்களில் நடக்கும் விவாதம், முதலிலிருந்து

சிகாகோவில் இன்று எந்த பெட் ஷாப்புக்குள் நுழைந்தாலும் நாய்க்கான தீனி கிடைக்கும், கழுத்துப் பட்டை கிடைக்கும், மழைக்கோட்டு கூடக் கிடைக்கும், ஆனால் விலைக்கு நாய்க்குட்டி கிடைக்காது. 2022 பிப்ரவரியிலிருந்து இல்லினாய் மாநிலம் முழுக்கவே இதுதான் நிலை. கலிபோர்னியா, மேரிலாந்து, நியூயார்க்கிலும் இதே மாதிரிச் சட்டம் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே ஓஹாயோவுக்குப் போனால் கதை தலைகீழ், அங்கே ஒரு நகரம் இப்படித் தடை போட நினைத்தாலும் போட முடியாதபடி மாநிலமே சட்டம் செய்து வைத்திருக்கிறது. ஒரு குட்டியைக் கடையில் வைத்து விற்கலாமா கூடாதா என்பதில் இவ்வளவு சண்டை எதற்கு என்று புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்குத் தோன்றும். அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். இந்தத் தடை நாய் வளர்ப்பதற்கான தடை இல்லை. குட்டி விற்பதற்கான முழுத் தடையும் இல்லை. வீட்டில் இரண்டு லாப்ரடார் வைத்திருக்கும் ஒருவர், வருடத்துக்கு ஒரு ஈத்து எடுத்து, வருகிறவர்களை வீட்டுக்குள் கூப்பிட்டுத் தாயையும் காட்டிக் குட்டியை விற்கிறார் என்றால் அவரை இந்தச் சட்டம் தொடாது. காப்பகத்திலிருந்து தத்தெடுப்பதையும் தொடாது. எங்கோ நூற்றுக்கணக்கான மைல் தள்ளி மொத்தமாக உற்பத்தி செய்த குட்டிகளைக் கடைக்காரர் வாங்கிவந்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, யார் கார்டைத் தேய்த்தாலும் கொடுத்துவிடுகிறாரே, அதை மட்டும்தான் தடுக்கிறது.

அந்த மொத்த உற்பத்தி எங்கே நடக்கிறது என்றால், பெரும்பாலும் மிசௌரி, அயோவா, கன்சாஸ், ஓஹாயோ, இண்டியானா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களின் கிராமப்புறப் பண்ணைகளில். பப்பி மில் என்று இவற்றை விமர்சகர்கள் சொல்வார்கள், தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்காது, வணிக ப்ரீடர், அதாவது விற்பதற்காக நாய்களை இனவிருத்தி செய்பவர் என்பார்கள். குட்டிக்கு எட்டு வாரம் ஆனதும் பண்ணையிலிருந்து புரோக்கருக்குப் போகிறது, எட்டு வாரத்துக்கு முன்னால் அனுப்பக் கூடாது என்று மத்திய விதி. புரோக்கர் பல பண்ணைகளின் குட்டிகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்து, ஊசி போட்டு, இனவாரியாகப் பிரித்து லாரியில் ஏற்றுகிறார். ஒரு பண்ணையில் இருமல் இருந்தால் அது அங்கேயே மற்ற பண்ணைக் குட்டிகளுக்கும் தொற்றிக்கொள்ளும். பார்வோ மாதிரியான வைரஸ் உடலுக்குள் போன பிறகு அறிகுறி தெரியவே சில நாட்கள் ஆகும் என்பதால், கடையில் துள்ளி விளையாடிய குட்டி வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் சுருண்டு படுத்துக்கொள்வது நடக்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரைதான் ஒரு குட்டி மனிதர்களையும் மற்ற நாய்களையும் சத்தங்களையும் பழகிக்கொள்ளும் வயது, அதில் நல்ல பாதி இந்தக் குட்டிகளுக்குக் கூண்டிலும் லாரியிலும் கடையிலும் கழிந்துவிடுகிறது.

குட்டியாவது எட்டு வாரத்தில் வெளியே வந்துவிடும். தாய் வராது. இந்த விவாதம் முழுவதும் அந்தத் தாயைப் பற்றியதுதான் என்பது என் கருத்து.

மத்தியச் சட்டம் இல்லாமல் இல்லை. 1966-இல் வந்த விலங்கு நலச் சட்டத்தின் கீழ், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பெண் நாய்களை இனவிருத்திக்கு வைத்துக் கடைகளுக்கு விற்பவர்கள் அமெரிக்க வேளாண் துறையிடம் உரிமம் எடுக்க வேண்டும். ஆய்வாளர் வருவார். தண்ணீர், தீவனம், மருத்துவம், கழிவு அகற்றல் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கடைக்காரர்கள் "எங்கள் குட்டிகள் எல்லாம் உரிமம் பெற்ற ப்ரீடர்களிடமிருந்து வருபவை" என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். சரி, அந்த உரிமம் ஒரு நாய்க்கு எவ்வளவு இடம் கொடுக்கச் சொல்கிறது என்று பார்ப்போம். நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும், அதோடு ஆறு அங்குலம் கூட்ட வேண்டும், வருவதை அதே எண்ணால் பெருக்க வேண்டும். 24 அங்குல நீளமுள்ள ஒரு நாய்க்கு 30 அங்குலத்துக்கு 30 அங்குலம். ஒரு கேரம் போர்டின் ஆடுதளம் ஏறக்குறைய இந்த அளவுதான். உயரம், நாய் நிற்கும்போது தலைக்கு மேல் ஆறு அங்குலம். பாதம் உள்ளே நழுவாத அளவுக்கு இருந்தால் கம்பி வலையே தரையாக இருக்கலாம். நாயை வெளியே விட்டு ஓடவிடுவதற்கு ஒரு திட்டம் வேண்டும் என்று விதி சொல்கிறது, ஆனால் தனியாக இருக்கும் நாய்க்குக் குறைந்தபட்ச இடத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்துவிட்டால் அந்தக் கட்டாயமும் போய்விடும், அதாவது இரண்டு கேரம் போர்டு இருந்தால் அதன்பிறகு அந்த நாய் வாழ்நாள் முழுக்க மண்ணை மிதிக்காவிட்டாலும் சட்டப்படி குற்றமில்லை.

ஒரு பண்ணையில் எத்தனை நாய் வைத்திருக்கலாம் என்பதற்கு மத்திய விதியில் உச்சவரம்பு கிடையாது. ஒரு பெண் நாயை வாழ்நாளில் எத்தனை முறை குட்டி போட வைக்கலாம் என்பதற்கும் கிடையாது. நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள், பெரும்பாலான நாய்கள் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்திலும் சினைப்படுத்தினால் உடம்பு தேறுவதற்குள் அடுத்த ஈத்து வந்துவிடும். விதியை மீறும் பண்ணைகளின் படங்களைக் காட்டித்தான் பொதுவாகத் தடைக்கு ஆதரவு திரட்டுகிறார்கள், மீறல்கள் உண்மைதான், கோபம் வருவதும் நியாயம்தான். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் பண்ணையே இப்படி இருக்க முடியும் என்பது.

அப்படியானால் பண்ணைகளின் மேல் நேரடியாகச் சட்டம் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். இந்தத் தொழில் அதிகம் நடக்கும் மிசௌரியிலேயே 2010 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு பண்ணையில் இனவிருத்திக்கு 50 நாய்களுக்கு மேல் கூடாது, கம்பித் தரை கூடாது, நாய்கள் வெளியே போய்வர வழி வேண்டும், இரண்டு ஈத்துக்கு நடுவில் ஓய்வு வேண்டும் என்பதுதான் முன்மொழிவு. குறைந்த வித்தியாசத்தில் என்றாலும் ஜெயித்தது. அடுத்த சில மாதங்களிலேயே, 2011-இல், மாநிலச் சட்டமன்றம் அதைத் திருத்தி 50 நாய் வரம்பை எடுத்துவிட்டது. வேறு சில பாதுகாப்புகள் மிஞ்சின என்பது உண்மை, ஆனால் மக்கள் ஓட்டுப்போட்டது அதற்கு இல்லை. விவசாயிகளின் சங்கங்களுக்கு இன்று நாய் என்றால் நாளை பன்றி, கோழி என்று வருவார்கள் என்ற பயம், அவர்களுக்குச் சட்டமன்றத்தில் பலமும் இருந்தது.

இங்கேதான் நகரங்கள் உள்ளே வருகின்றன. சிகாகோ நகர மன்றத்தால் மிசௌரியில் இருக்கும் ஒரு கூண்டின் அளவை மாற்ற முடியாது. ஆனால் தன் எல்லைக்குள் இருக்கும் கடையில் என்ன விற்கலாம் என்று சொல்ல முடியும். அல்புகர்க்கி நகரம் 2006-லேயே இதைச் செய்தது, லாஸ் ஏஞ்சலஸ் 2012-இல், சிகாகோ 2014 மார்ச்சில். கடையில் நாய், பூனை, முயல் விற்க வேண்டுமென்றால் அரசுக் காப்பகத்திலிருந்தோ மீட்பு அமைப்பிலிருந்தோ வந்தவையாக இருக்க வேண்டும் என்பது சிகாகோவின் விதி. உடனே சிகாகோவின் இரண்டு கடைகளும் மிசௌரியைச் சேர்ந்த ஒரு ப்ரீடரும் வழக்குப் போட்டார்கள். நகரத்துக்கு இந்த அதிகாரமே இல்லை என்பது ஒரு வாதம். வெளிமாநில வணிகத்துக்கு இது தடை போடுகிறது, அரசியலமைப்புப்படி செல்லாது என்பது இன்னொன்று. 2017-இல் ஏழாவது வட்டாரத்துக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. உள்ளூர் ப்ரீடரும் வெளிமாநில ப்ரீடரும் இந்தச் சட்டத்தின் முன் ஒன்றுதான், இருவருமே கடைக்கு விற்க முடியாது, நேரடியாக விற்கலாம், ஆகவே பாரபட்சம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகு மற்ற ஊர்களுக்குத் தைரியம் வந்தது. சிகாகோவுக்கு மேற்கே, தமிழர்களும் நிறையப் பேர் குடியிருக்கும் நேப்பர்வில் 2020 ஜனவரியில் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது.

எதிர்த் தரப்பு சொல்வதையும் முழுசாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அதில் பாதி சரி. கடை என்பது கண்ணுக்குத் தெரியும் இடம். வரி கட்டுகிறது, ஆய்வாளர் வருகிறார், குட்டிக்கு நோய் வந்தால் போய்ச் சண்டை போட ஒரு முகவரி இருக்கிறது, பல மாநிலங்களில் நோயுள்ள குட்டியை விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கடையை மூடினால் குட்டி வேண்டும் என்ற ஆசை மறைந்துவிடாது, அது இணையத்துக்குப் போகும், அங்கே பார்க்கிங்கில் காரின் டிக்கியைத் திறந்து குட்டியைக் கொடுத்துவிட்டு ரொக்கம் வாங்கிக்கொண்டு போகிறவனை யார் பிடிப்பது? நல்ல ப்ரீடர்களைத் தேடிப்பிடித்து வாங்கும் கடைக்காரர் எதற்கு மற்றவர்களின் பாவத்தைச் சுமக்க வேண்டும்? வீட்டில் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிறது, குறிப்பிட்ட இனம்தான் வேண்டும், காப்பகத்தில் அது வருவதே இல்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? இதையெல்லாம் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து சொல்பவர்கள் பலர் சொந்தக் கையால் குட்டிகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்தவர்கள், அவர்களை விலங்குகளின் எதிரி என்று கத்துவது அநியாயம்.

ஆனால் "கடை கண்காணிப்புக்குள் இருக்கிறது" என்ற வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. 2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் 18 மாநிலங்களில் 118 பேருக்கு கேம்பிலோபேக்டர் என்ற குடல் தொற்று வந்தது, மூலம் பெட் ஷாப் நாய்க்குட்டிகள் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கண்டுபிடித்தது. நோய் வந்தவர்களில் 29 பேர் கடை ஊழியர்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் எதுவும் அந்தக் கிருமிக்குக் கேட்கவில்லை. ஏன் என்று தேடிப் போனபோது, விசாரித்த 149 குட்டிகளில் 142-க்குக் கடைக்கு வரும் முன்போ கடையிலோ ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருந்தது, அதில் பாதிக்கு மேல் நோய் எதுவும் இல்லாமல் முன்னெச்சரிக்கையாகவே கொடுக்கப்பட்டது. இத்தனை குட்டிகளை இத்தனை தூரம் ஒன்றாகக் கொண்டுபோவதாக இருந்தால் மருந்தை முன்கூட்டியே கொட்டாமல் முடியாது. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த முறையின் கடைசிக் கண்ணிதான் அவர்.

சட்டம் வந்ததும் அதைச் சுற்றிப்போக வழியும் வந்தது. மீட்பு அமைப்பிலிருந்துதானே வாங்க வேண்டும்? சரி, ஒரு மீட்பு அமைப்பையே தொடங்கிவிடுவோம்! பண்ணையிலிருந்து வரும் எட்டு வாரக் குட்டி, காகிதத்தில் மட்டும் ஒரு லாபநோக்கற்ற அமைப்பின் வழியாகப் போய், "மீட்கப்பட்ட நாய்" என்ற பெயரில் கடைக்கு வரும், விலையோ பழைய விலை, ஆயிரக்கணக்கான டாலர். அயோவா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர், 2019-இல் இப்படிப்பட்ட ஒரு வலையமைப்பின் மேல் வழக்கே போட்டார். சிகாகோ 2021-இலும், கலிபோர்னியா அதே வருடத் தொடக்கத்திலும் இந்த ஓட்டையை அடைத்தன. கலிபோர்னியாவில் இப்போது கடைக்காரர் நாயை விற்கவே முடியாது, காப்பகங்கள் தத்துக் கொடுக்க இடம் மட்டும் தரலாம், கட்டணம் எல்லாம் சேர்த்து 500 டாலரைத் தாண்டக் கூடாது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கடை வழியாக வந்த குட்டிகள் இப்போது "எங்கள் வீட்டு நாய் போட்ட குட்டி" என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் மறுவிற்பனைக்காரர்கள் வழியாக கலிபோர்னியாவுக்குள் வருவதை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2024-இல் விரிவாக வெளிக்கொண்டுவந்தது. எதிர்த் தரப்பு பயந்தது நடந்துதான் இருக்கிறது. இதைப் பார்த்துத் தடையே வீண் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைத் தடை அடைத்தது ஒரு வாசலை, அதுவும் ஆசைப்பட்டு அந்த நிமிடமே குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் பெரிய வாசலை. இன்னொரு வாசல் திறந்திருக்கிறது என்றால் அதையும் அடைக்க வேண்டும், முதல் வாசலைத் திரும்பத் திறக்க அது காரணம் ஆகாது.

இங்கிலாந்து இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறுவிதமாக யோசித்தது. வேல்ஸில் ஒரு பண்ணையிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் இனப் பெண் நாய், தொடர்ந்து குட்டி போட்டதாலும் கூண்டிலேயே கிடந்ததாலும் இடுப்பு வளைந்து, முடி கொட்டி இருந்தது. அதன் பெயரிலேயே வந்த லூசி சட்டம் 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய், பூனைக் குட்டியைக் கடையோ இடைத்தரகரோ யாருமே விற்கக் கூடாது, ப்ரீடரிடம் நேரே போக வேண்டும், குட்டி பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வேறொரு பெண் நாயைப் பக்கத்தில் படுக்கவைத்துத் தாய் என்று ஏமாற்றியவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இருந்தாலும் கடையை மட்டும் பிடிக்காமல் இடையில் நிற்கும் எல்லோரையும் விலக்கியது சரியான யோசனை. பிரான்ஸும் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்பதை நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் இதற்கெல்லாம் மேலே இன்னொரு சண்டை நடக்கிறது, நகரம் தடை போட்டால் மாநிலம் அதை ரத்து செய்வது. 2016-இல் அரிசோனா, அதே வருடக் கடைசியில் ஓஹாயோ. குட்டி விற்கும் மிகப்பெரிய கடைச் சங்கிலியான பெட்லேண்டின் தலைமையகம் ஓஹாயோவின் சில்லிகாத்தி ஊரில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் கூடி முடிவெடுத்ததை மாநிலத் தலைநகரில் ஒரே ஓட்டில் அழிக்க முடியும் என்றால் உள்ளூர் விவாதத்துக்கு என்ன மதிப்பு என்று கோபம் வருகிறது, ஆனால் நியூயார்க்கில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தடையும் மாநிலம் போட்டதுதான், அப்போது நாம் கை தட்டினோம்.

இந்தியாவில் தடை இல்லை, உரிமம்தான் வழி. 2017-இல் வந்த நாய் இனவிருத்தி விதிகளின்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது. தமிழ்நாடு 2024-இல் ஒரு இனவிருத்திக் கொள்கையும் வெளியிட்டது, நம் வெயிலுக்கு ஒத்துவராத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்றும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி போன்ற நாட்டு இனங்களைக் காக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது அமெரிக்காவில் குட்டி வாங்கும் யோசனையில் இருந்தால், தடை இருக்கும் ஊரோ இல்லாத ஊரோ, செய்ய வேண்டியது ஒன்றேதான். ஏகேசி (அமெரிக்கன் கென்னல் கிளப்) பதிவுக் காகிதத்தைக் காட்டினால் அதோடு நின்றுவிடாதீர்கள், பெற்றோர் யார் என்றுதான் அது சொல்லும், எப்படி வளர்த்தார்கள் என்று சொல்லாது. கடையில் விற்றால் கூண்டில் ஒட்டியிருக்கும் அட்டையில் ப்ரீடரின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள், அதை வேளாண் துறையின் தளத்தில் போட்டால் ஆய்வு அறிக்கைகளைப் படிக்கலாம். தனியாரிடம் வாங்கினால் வீட்டுக்கு வருகிறேன், தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எட்டு வாரக் குட்டியின் தாய்க்கு மடி இன்னும் முழுசாகச் சுருங்கியிருக்காது, குட்டிகள் அதைக் கண்டதும் காம்பைத் தேடி ஓடும், அது சில நேரம் எரிச்சலில் உறுமி விலகும், பக்கத்தில் சும்மா படுக்கவைத்த நாயிடம் இந்த உறவு தெரியாது. "தாய் இப்போது கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது, வால்மார்ட் பார்க்கிங்கில் சந்திக்கலாம்" என்று பதில் வந்தால், படத்தில் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், போகாதீர்கள்.